ஒலி ஒத்துப்போனால் உறவாகிவிடுமா? ஆங்கிலச் சொற்களின் பிறப்பைக் கண்டறியும் வழி

ஈரோடு என்ற ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, அதே எழுத்துகளை ஆங்கில அகராதியில் தேடிப் பாருங்கள். ஓர் எழுத்துகூட மாறாமல் ஒரு வினைச்சொல் கிடைக்கும். பொருள் அரித்தல். மண் அரிப்பைப் பற்றிப் பேசும்போது பயன்படும் சொல் அது. கொறிப்பதைக் குறிக்கும் 'ரோதெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. எலியையும் அணிலையும் ஆங்கிலத்தில் ரோடென்ட் என்று சொல்வதும் அதே வினையால்தான். ஆனாலும் காவிரி கரையை அரித்ததால்தான் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்று இதுவரை யாரும் கிளம்பவில்லை. பக்கத்துச் சேலத்தின் கதையும் இதேதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சேலம் இருக்கிறது. அது பைபிளில் வரும் பெயர். எபிரேய மொழியில் அமைதியைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. நம் சேலத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஊர்ப் பெயர் என்றால் இவ்வளவு நிதானம் காட்டுகிறோம். 'எட்டு' என்பதுதான் 'எய்ட்' ஆனது, 'ஒன்று' என்பதுதான் 'ஒன்' ஆனது என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தால் மட்டும் அந்த நிதானம் எங்கோ போய்விடுகிறது. அந்தப் பட்டியலில் கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் போன்று உண்மையிலேயே தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களும் கலந்திருக்கும். சிக்கலே அங்குதான். ஒரு கூட்டம் எல்லாவற்றையும் நம்பிவிடுகிறது. இன்னொரு கூட்டம் எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளிவிடுகிறது. இரண்டு தரப்பும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு: ஒரு சொல் இன்ன இடத்திலிருந்து வந்தது என்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?

முகச்சாயலை வைத்து உறவு சொல்வதில்லை

கொங்கு நாட்டில் பெண் பார்க்கப் போகும் வீட்டில் முதல் கேள்வி, "எந்தக் கூட்டமுங்க?" என்பதுதான். கூட்டம் என்றால் இங்கே குலம். அடுத்தது குலதெய்வக் கோயில் எங்கே, காணி (குலத்தின் பூர்விக ஊர்) எது என்பது. மாப்பிள்ளையின் மூக்கு பெண்ணின் பெரியப்பா மூக்கைப் போலவே இருந்தாலும் அதை யாரும் உறவுக்குச் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. மாறாக, முகத்தில் ஒரு சாயலும் இல்லாத இருவர் ஒரே கூட்டம் என்று தெரிந்துவிட்டால் அவர்கள் பங்காளிகள். அந்த இடத்தில் கல்யாணப் பேச்சு நின்றுவிடும்.

சொற்களின் உறவையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஒரு சொல் எங்கே பிறந்தது, எந்த வழியாக வந்தது, வரும் வழியில் ஒலியும் பொருளும் எப்படி மாறின என்று ஆராயும் துறைக்குச் சொற்பிறப்பியல் என்று பெயர். இந்தத் துறையில் முகச்சாயல் என்பது ஒலி ஒற்றுமை. அது விசாரணையைத் தொடங்கி வைக்கலாம். தீர்ப்புச் சொல்ல அதற்குத் தகுதி இல்லை.

உறவு இரண்டு வகைப்படும். ஒரே மூதாதை மொழியிலிருந்து இரண்டு மொழிகளுக்கு இறங்கிவந்த சொற்கள் இனச்சொற்கள். பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மொழி இன்னொரு மொழியிடம் வாங்கிக்கொண்டது கடன்சொல். இரண்டிலும் சேராமல் சும்மா ஒத்துப்போவது தற்செயல். ஒரு சொல் இந்த மூன்றில் எது என்று பிரித்தறிவதுதான் வேலையே.

திம்பம் தாண்டினால் ஒரு விதி

பங்காளிச் சொற்களை அடையாளம் காண வெளிநாடு போக வேண்டியதில்லை. சத்தியமங்கலத்தில் பஸ் ஏறி, பண்ணாரி தாண்டி, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து தாளவாடியில் இறங்கினால் போதும். ஈரோடு மாவட்டம்தான், காதில் விழுவதில் பெரும்பகுதி கன்னடம். அங்கே பால் ஹாலு ஆகிறது. புலி ஹுலி. பத்து ஹத்து. பல் ஹல்லு. புல் ஹுல்லு. பூ ஹூவு. பள்ளி என்று முடியும் ஊர்கள் ஹள்ளி என்று முடிகின்றன.

ஒரு சொல் இப்படி மாறியிருந்தால் யாரோ வாய் குழறியிருக்கலாம் என்று விட்டுவிடலாம். தமிழில் சொல்லின் முதலில் ப இருக்கும் இடத்தில் கன்னடத்தில் வரிசையாக ஹ வந்தால் அது விதி. இப்படி ஓர் ஒலி குறிப்பிட்ட சூழலில் ஒழுங்காக மாறுவதை ஒலிமாற்ற விதி என்கிறார்கள். இதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹல்மிடி கல்வெட்டில் அந்த ஊரின் பெயர் ப ஒலியோடு 'பல்மிடி' என்றுதான் வருகிறது. ஹ பிறகு வந்தது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. கன்னடத்தில் புத்தகத்தை 'ஹுஸ்தக' என்று சொல்வதில்லை. 'புஸ்தக' என்றுதான் சொல்கிறார்கள். அது வீட்டில் பிறந்த சொல் இல்லை, சமஸ்கிருதத்திலிருந்து வாங்கியது. அதனால் விதி அதைத் தொடவில்லை. விதிக்கு உட்பட்டதா, விதியிலிருந்து தப்பியதா என்று பார்த்தே பங்காளியையும் கடன்காரனையும் பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவை ஒரே குடும்பம் என்பதை 1816ஆம் ஆண்டிலேயே சென்னைக் கலெக்டர் எல்லிஸ் எடுத்துக்காட்டினார். கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டது 1856இல். வேர்ச்சொற்களையும் இலக்கணத்தையும் வரிசையாக ஒப்பிட்டுத்தான் இருவரும் இந்த முடிவுக்கு வந்தார்கள்.

தையல் மெஷினுக்கு அடியில் ஒரு குடும்பம்

இனி ஆங்கிலம். தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப் கிரிம், 1822இல் ஒரு விதியை ஒழுங்குபடுத்திச் சொன்னார். லத்தீனிலும் சமஸ்கிருதத்திலும் ப இருக்கும் இடத்தில் ஆங்கிலம், ஜெர்மன் போன்ற மொழிகளில் ஃப வரும். லத்தீனில் தந்தை 'பாத்தெர்', சமஸ்கிருதத்தில் 'பித்ரு', ஆங்கிலத்தில் 'ஃபாதர்'. லத்தீனில் மீன் 'பிஸ்கிஸ்', ஆங்கிலத்தில் 'ஃபிஷ்'. இதே விதிப்படி அந்த மொழிகளில் மென்மையாக ஒலிக்கும் ட (d), ஆங்கிலத்தில் வன்மையாகிறது (t).

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குள் போய் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஓவர்லாக் டெய்லர் ஒருவர் நைட் பைஜாமாவின் ஓரத்தை அடித்துக்கொண்டிருக்கிறார். மெஷினுக்குக் கீழே பெடல். பெடல் மேல் அவருடைய பாதம். ஆங்கிலத்தில் பாதம் 'ஃபுட்'. லத்தீனில் பாதத்துக்கு வேர் 'பெட்'. இரண்டுக்கும் பொதுவான மூதாதை மொழியில் இருந்த அந்த ப, விதிப்படி ஃப ஆகி, கடைசி ட வன்மையாகி, 'ஃபுட்' வந்தது. இது ஆங்கிலம் பரம்பரையாகப் பெற்ற சொல். 'பெடல்' அதே லத்தீன் வேரிலிருந்து இத்தாலியன், பிரெஞ்சு வழியாகப் பிற்காலத்தில் ஆங்கிலம் வாங்கிய கடன். அதனால்தான் அதில் ப அப்படியே நிற்கிறது, கன்னடத்துப் புஸ்தகத்தைப் போல. 'பாதம்' சமஸ்கிருதத்தில் அதே வேரின் வடிவம். நாம் அங்கிருந்து பெற்றோம். 'பைஜாமா' பாரசீகச் சொல். 'பாய்' என்றால் கால், 'ஜாமா' என்றால் உடை. அந்தப் 'பாய்' என்பதும் இதே குடும்பம்தான்.

ஃபுட், பெடல், பாதம், பைஜாமா: நான்கும் ஒரே வேர். கேட்பதற்கு ஃபுட்டும் பைஜாமாவும் எந்த விதத்திலும் ஒத்துப்போகவில்லை என்பதைக் கவனியுங்கள். உறவு இருக்கும் இடத்தில் சாயல் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

இதுவரை பார்த்தது: பங்காளிச் சொற்களை ஒலி ஒற்றுமை காட்டிக்கொடுப்பதில்லை, ஒலிமாற்றத்தின் ஒழுங்கு காட்டிக்கொடுக்கிறது. விதி தொடாத சொல் பெரும்பாலும் பிறகு வந்த கடன்சொல்.

எட்டும் அஷ்டமியும்

இப்போது அந்த வாட்ஸ்அப் பட்டியலின் செல்லப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். எட்டு, எய்ட். பொருளும் ஒன்று, ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டையும் பின்னோக்கி நடத்திப் பார்த்தால் என்ன ஆகிறது?

ஆங்கில எய்ட்டின் நடுவில் இன்று ஒலிக்காத இரண்டு எழுத்துகள், ஜியும் எச்சும், எதற்கு நிற்கின்றன? ஒரு காலத்தில் அங்கே தொண்டையிலிருந்து வரும் ஹ போன்ற ஒலி இருந்தது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஏறக்குறைய 'அஹ்த'. ஜெர்மனில் இன்றும் 'அஹ்ட்'. லத்தீனில் 'ஒக்டோ'. சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. தமிழ் எட்டைப் பின்னோக்கி நடத்தினால் வேறு பக்கம் போகிறது. எண்பது, எண்ணூறு என்பவற்றில் எட்டுக்குப் பதிலாக எண் நிற்கிறது. கன்னடத்தில் 'எண்ட்டு', தெலுங்கில் 'எனிமிதி'. மூக்கொலிதான் இங்கே பழையது.

உண்மையான உறவினர்கள் பின்னால் போகப் போக நெருங்குவார்கள். இவை இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன. ஆங்கில எய்ட்டின் பங்காளி நம் நாள்காட்டியில்தான் இருக்கிறது, எட்டில் இல்லை, அஷ்டமியில். 'அக்டோபர்' என்பதும் அந்தக் குடும்பமே. ரோமானியரின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் அக்டோபர் அவர்களுக்கு எட்டாம் மாதம்.

ஒன்று, ஒன் கதையும் இதுதான். பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்'. இன்றைய உச்சரிப்பின் முன்னால் ஒட்டியிருக்கும் வகர ஒலி பல நூற்றாண்டுகள் கழித்து வந்தது. 'ஓன்லி', 'அலோன்' என்ற சொற்களுக்குள் அதே ஒன், வகரம் இல்லாமல் பழையபடி உட்கார்ந்திருக்கிறது.

கடன்சொல்லுக்கு வழித்தடம் வேண்டும்

கடன்சொல்லுக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. யார் கொண்டுபோனார்கள்? எப்போது? இடையில் எந்த மொழி? எழுத்தில் முதலில் எங்கே தென்படுகிறது? சரக்கு லாரிக்கு வே பில் கேட்பது போல இதற்கும் கேட்டே ஆக வேண்டும்.

பனியனையே எடுத்துக்கொள்வோம். திருப்பூர் உலகமெங்கும் அனுப்பிக்கொண்டிருக்கும் அந்த உடையின் பெயருக்குள் ஒரு வியாபாரி இருக்கிறார். குஜராத்தியில் 'வாணியோ' என்றால் வணிகர். நம் 'வணிகர்' என்ற சொல்லும் அதற்கு உறவுதான். போர்த்துகீசியர் அதைப் 'பனியன்' என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றார்கள். முதலில் அது ஆளைக் குறித்தது. பிறகு அந்த வணிகர்கள் அணிந்ததைப் போன்ற தொளதொளப்பான மேலாடையைக் குறித்தது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசதியான ஆண்கள் வீட்டில் ஓய்வாக இருக்கும்போது 'பனியன்' என்ற நீண்ட அங்கி அணிந்தார்கள். இந்தியாவில் அந்தப் பெயர் உள்ளாடைக்கு இறங்கியது. அங்கிருந்து நமக்கு.

அதே வியாபாரி ஒரு மரத்துக்கும் பெயர் கொடுத்திருக்கிறார். பாரசீக வளைகுடாக் கரையில், இன்றைய பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்கு அருகே, ஓர் ஆலமரத்தடியில் இந்திய வணிகர்கள் கூடி வழிபட்டார்கள். ஐரோப்பியப் பயணிகள் அதைப் பனியன்களின் மரம் என்று அழைக்க, அதுவே ஆங்கிலத்தில் ஆலமரத்துக்குப் பெயராக நிலைத்துவிட்டது. இன்னொரு வேடிக்கை: ஆங்கிலேயக் கடற்படையில் மாலுமிகளுக்கு இறைச்சி கிடைக்காத நாளைப் 'பனியன் நாள்' என்றார்கள். அந்த வணிகர்கள் சைவம் என்பதால்.

ஒரே சொல் இரண்டு வழியில் ஒரே மொழிக்குள் நுழைவதும் உண்டு. அப்படி வந்தவற்றை இரட்டைச் சொற்கள் என்கிறார்கள். கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பழனிப் பஞ்சாமிர்தத்துக்காக நாட்டுச்சர்க்கரை மூட்டை மூட்டையாக ஏலம் போகிறதே, அந்தச் சர்க்கரையின் மூலம் சமஸ்கிருதத்தின் 'சர்க்கரா'. முதலில் பருமணலையும் பொடிக்கல்லையும் குறித்த சொல். அது பாரசீகத்தில் 'ஷகர்' ஆகி, அரபியில் 'சுக்கர்' ஆகி, இத்தாலியும் பிரான்சும் கடந்து இங்கிலாந்தில் 'சுகர்' என்று இறங்கியது. இன்னொரு வழியில் தென்னிந்திய மேற்குக்கரையில் போர்த்துகீசியர் அதைக் கேட்டு 'ஜாகரா' என்றார்கள். அது ஆங்கிலத்தில் 'ஜாகரி' ஆகி வெல்லத்தைக் குறிக்கிறது. சூப்பர்மார்க்கெட் அலமாரியில் சுகர் ஒரு விலை, ஜாகரி ஒரு விலை. பிறந்த வீடு ஒன்று.

துணிகளின் பெயர்களில் இந்த வழித்தடங்கள் தெளிவாகத் தெரியும். டெனிம் என்பது பிரான்சின் நீம் நகரத்தால் வந்த பெயர். மஸ்லின் ஈராக்கின் மோசூல் நகரத்தால். காலிகோ நம் கோழிக்கோட்டால். பனியன் துணியான சிங்கிள் ஜெர்சியில் உள்ள ஜெர்சி, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள ஒரு தீவு. சுருக்கம் சுருக்கமாக நெய்யப்படும் சீர்சக்கர் துணியின் பெயர் பாரசீகத்தின் 'ஷீர் ஓ ஷகர்', அதாவது பாலும் சர்க்கரையும். வழவழப்பான பட்டையும் சொரசொரப்பான பட்டையும் மாறி மாறி வருவதால் அப்படி. சர்க்கரை இங்கேயும் வந்துவிட்டது.

கடன்சொல்லுக்கு ஒலி ஒற்றுமையோடு ஆள், காலம், பாதை மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் சந்தேகப்படலாம்.

ஒரே முகம், இரண்டு பிறவி

'கேஷ்' தமிழ்க் காசுதான் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு, கிடையவே கிடையாது என்பவர்களும் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டு 'கேஷ்' இருப்பதால் இந்தச் சண்டை ஓய்வதில்லை. கடையில் நீட்டும் ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. அதன் மூலம் லத்தீனின் 'கப்சா'. கல்லாப்பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கு ஆகிவிட்டது. இன்னொரு கேஷ் சிறு நாணயத்தைக் குறிப்பது. அது நம் காசு. போர்த்துகீசியர் வாயில் நுழைந்து வந்தது. கம்பெனி ஆட்சிக்காலச் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கு இருந்தது. அந்தக் காசுதான் ஆங்கிலக் கணக்கேடுகளில் கேஷ் என்று எழுதப்பட்டது. வங்கியில் இருக்கும் கேஷியர் பெட்டிக்காரர், காசுக்காரர் இல்லை.

கறியும் இப்படித்தான். தமிழ்க் கறியிலிருந்து ஆங்கிலக் 'கறி' வந்தது உறுதியானது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுத்தில் தென்படுகிறது. இதை மறுப்பவர்கள் 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் குறிப்பேட்டில் இருக்கும் 'குரி' என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது சமைப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்த வேறு சொல். ஒருவரைக் குழைந்து காக்காய் பிடிப்பதை ஆங்கிலத்தில் 'கறி ஃபேவர்' என்பார்கள். அதில் குழம்பும் இல்லை, தயவும் இல்லை. அந்தக் கறி குதிரையின் உடம்பைத் தேய்த்துவிடுவது. ஃபேவர் இருக்கும் இடத்தில் முதலில் இருந்தது 'ஃபாவெல்', பழைய பிரெஞ்சுக் கவிதையில் வரும் ஒரு குதிரையின் பெயர். குதிரை மறந்துபோனதும் மக்கள் தங்களுக்குப் புரிந்த ஃபேவர் என்ற சொல்லை அங்கே வைத்துவிட்டார்கள். புரியாத சொல்லைப் புரியும்படி திரித்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்துக்கு நாட்டார் சொற்பிறப்பு என்று பெயர்.

முதலெழுத்து விரிவாக்கங்களும் இதன் தம்பிகள்தான். நியூஸ் என்றால் வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என்ற நான்கு திசைகளின் ஆங்கில முதலெழுத்துகள் என்று வகுப்பறையிலேயே சொல்லித் தருகிறார்கள். அது புதியவை என்பதன் பன்மை, அவ்வளவுதான். டிப்ஸுக்கும் ஒரு விரிவாக்கம் சுற்றுகிறது. திருடர்களின் குழூஉக்குறியில் கொடுப்பதைக் குறித்த 'டிப்' அது. விரிவாக்கம் பின்னால் வந்த கைவேலை. 20ஆம் நூற்றாண்டுக்கு முன் முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் உண்டாக்கும் வழக்கம் அரிது. பழைய சொல்லுக்கு அப்படி ஒரு விரிவாக்கம் சொன்னால் நூற்றுக்குத் தொண்ணூறு கட்டுக்கதை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பழைய பொருள்தான் உண்மைப் பொருளா?

இதை ஒரு வரியில் முடித்துவிடலாம்: இல்லை. ஆங்கிலத்தில் 'நைஸ்' என்பது அறியாமையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முதலில் மூடன், பிறகு அளவுக்கு மீறி நொட்டைச் சொல் சொல்பவன், பிறகு நுணுக்கமானது, கடைசியில் இனியது. அந்த நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் கோவைக் கிரைண்டரில் மாவு இன்னும் நைஸாக ஓட வேண்டும் என்கிறோம். மூலத்தைக் காட்டி அந்த மாவை அறியாத மாவு என்று சொல்ல முடியுமா?

நொய்யல் கரைக் கல்லும் அதன் பெயரும்

இனி, உறுதிக்கும் ஊகத்துக்கும் நடுவே நிற்கும் ஒரு சொல். 'பெரில்' என்ற மணிக்கல் காங்கயத்தை அடுத்த படியூரில் கிடைத்தது. நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் அகழ்வாய்வு செய்தபோது மணிக்கற்களை அறுத்து, துளையிட்டு, மெருகேற்றிய பட்டறைகள் வெளிப்பட்டன. ரோமானிய எழுத்தாளர் பிளினி, சிறந்த பெரில்கள் இந்தியாவிலிருந்து வருவதாக எழுதியிருக்கிறார். கொங்கு நாட்டில் ரோமானிய நாணயங்கள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. கல் இங்கிருந்து போனது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை.

சொல்? ஆங்கிலப் 'பெரில்' கிரேக்க 'பெருல்லோஸ்' என்பதிலிருந்து. அது பிராகிருதத்தின் 'வேருளிய' என்பதிலிருந்து. இதுவரை பாதை தெளிவு. அதற்குப் பின்னால் ஒரு திராவிடச் சொல் இருக்கலாம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அகராதிகள் 'அநேகமாக' என்ற அடைமொழியோடுதான் அதை எழுதுகின்றன. காங்கயத்துக் கல் ரோமுக்குப் போனதற்கான சான்றுகளை அடுக்கிவிட்டு, ஆகவே சொல்லும் காங்கயத்திலிருந்துதான் போனது என்று முடிப்பது தவறு. சரக்கு ஓர் ஊரிலும் பெயர் வேறோர் ஊரிலும் பிறக்கலாம். கிரேக்கர் காதில் விழுந்தது வியாபாரிகள் வழியில் பேசிய பிராகிருதம். ஜெர்மன் மொழியில் மூக்குக்கண்ணாடிக்கு 'பிரில்லெ' என்று பெயர். பழைய லென்சுகளைப் பெரில் போன்ற தெளிந்த கல்லில் செய்ததால் வந்தது. அது உறுதியான பகுதி.

அகராதி போடும் இந்த அடைமொழிகளைப் படிக்கப் பழகுவது நல்லது. கொரண்டம் என்ற கடினக் கல்லின் பெயர் தமிழ்க் குருந்தத்திலிருந்து வந்தது என்பதற்கு அடைமொழி தேவைப்படவில்லை. சிவன்மலைப் பக்கம் அந்தக் கல்லும் கிடைக்கிறது. ஈரோட்டு மஞ்சளின் ஆங்கிலப் பெயரான 'டர்மரிக்' நேர் எதிர். 'தகுதிவாய்ந்த மண்' என்று பொருள்படும் 'டெர்ரா மெரிடா' என்ற லத்தீன் தொடராக இருக்கலாம் என்று ஓர் ஊகம் உண்டு. ஆனால் மூலம் நிச்சயமில்லை என்றே அகராதிகள் குறித்திருக்கின்றன. நல்ல அகராதி இப்படி எழுதுவதற்குக் கூச்சப்படுவதில்லை. அந்தக் குறிப்பை மாற்ற வேண்டுமானால், ஆங்கிலத்தில் அந்தச் சொல் தோன்றிய 15ஆம் நூற்றாண்டை ஒட்டியோ அதற்கு முன்போ எழுதப்பட்ட ஒரு வரி, ஒரு கணக்குச் சீட்டு, ஒரு சரக்குப் பட்டியல் கிடைக்க வேண்டும்.